மைக் தாங்காத குரல்

தாராபுரம்
8-1-1996

பிரியமுள்ள அக்காவுக்கு,

ஜெனி எழுதுகிறேன். நான் சுகம். நீயும் மாமாவும் சுகமா? ஜெமிமாக் குட்டிக்குப் பல் எட்டிப் பார்த்ததா? கிறிஸ்மஸுக்கு வந்தபோது என் விரலைக் கடித்தாளே, அப்போதே ஈறு சொரசொரவென்று இருந்தது.

லீவு முடிந்து பள்ளிக்கூடத்துக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. பகலில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல், சாயங்காலம் ஹாஸ்டல் பிள்ளைகளுக்குப் பாட்டு. ஹார்மோனியத்தில் இரண்டு கட்டை பேசாது. அந்த இரண்டும் வராத பாட்டாகப் பார்த்துச் சொல்லிக்கொடுக்கிறேன்.

ஒரு விஷயம். படித்துவிட்டு உடனே மாமாவிடம் ஓடாதே. மெட்ராஸில் ஒரு பயிலகத்தில் ஒலிப்பதிவும் இசைத் தயாரிப்பும் மூன்று வருஷ டிப்ளமோ. பி.எஸ்ஸி. பிஸிக்ஸ் போதும், ஆனால் நாமே பதிவு செய்த பத்து நிமிஷக் கேசட் ஒன்று அனுப்ப வேண்டும். நம் சபைப் பாடகர் குழுவை வைத்து டிசம்பரில் போட்டேனே கிறிஸ்மஸ் கேசட், அதைத்தான் அனுப்பினேன். பாலுசாமி அண்ணன் ரிக்கார்டிங் சென்டரில் இரவல் வாங்கின இரண்டு மைக், சுவரெல்லாம் கல்யாண ஜமக்காளம் கட்டி எதிரொலியை அடக்கினது, எல்லாவற்றையும் ஒரு பக்கம் எழுதி வைத்தேன்.

பதில் உன் விலாசத்துக்கு வரும். கணபதியில் நம் வீட்டு விலாசம் கொடுத்தால் தபால்காரர் நேரே அப்பாவின் மோட்டார் பட்டறையில் கொடுப்பார், அப்பா ஸ்க்ரூ டிரைவராலேயே பிரித்துவிடுவார். இங்கே என்றால் தலைமை ஆசிரியை முதலில் படிப்பார். அப்பா என்னை பி.எட். முடிக்க வைத்து மிஷன் பள்ளியிலேயே நிரந்தரம் ஆக்கிவிடக் கணக்குப் போட்டிருக்கிறார். அழைப்பு வரட்டும், அப்புறம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

குட்டியின் இரண்டு கன்னத்துக்கும் முத்தம்.

உன்
ஜெனி


பெரியநாயக்கன்பாளையம்
24-1-1996

அன்புத் தங்கச்சி ஜெனிதாவுக்கு,

எல்லோரும் சுகம் என்று எழுத ஆசை. பாப்பாவுக்கு நெஞ்சு கட்டிக்கொண்டு பத்து நாளாக மூச்சு விடும்போது பூனை மாதிரி ஒரு சத்தம். டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார். ஒன்றுமில்லை என்று சொல்வதற்கு எதற்கு மூன்று மருந்து? இருபதாம் தேதி போலியோ சொட்டுக்குக் கொண்டுபோகலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்து, கடைசியில் பக்கத்து வீட்டு சாந்தாமணி அக்காதான், “குடு விமலா இங்க” என்று பிடுங்கிக்கொண்டு போய்ப் போட்டுவந்தது. கடிதம் தாமதமானதற்கு இதுதான் காரணம். வழக்கம்போல என்று நீ சிரிப்பாய், சிரி.

என்னைக் கேட்காமல் என் விலாசத்தைக் கொடுத்திருக்கிறாய். கணக்கில் ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கி எம்.எஸ்ஸி. சீட்டும் கிடைத்த என்னை அப்பா அனுப்பவில்லை. அதுவும் இதே கோயமுத்தூரில், டவுன் பஸ் போகிற தூரம். உன்னை மெட்ராஸுக்கு அனுப்புவாரா? தனியாக ஒரு பெண், அத்தனை பெரிய ஊரில், ஆம்பிளைகள் நிறைந்த ஸ்டுடியோவில்.

கேசட் நன்றாக இருக்கிறது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. அப்பா பட்டறையில் மோட்டாருக்குக் காயில் கட்டக் கொடுக்க வருகிறவர்களையெல்லாம் உட்காரவைத்துப் போட்டுக் காட்டுகிறார். “என்ற புள்ள பண்ணுனதுங்க” என்கிறார். உன் மாமாவும் நானும் ஞாயிற்றுக்கிழமை மூன்று தடவை கேட்டோம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கீழ்க்குரல் பாடுகிற பேஸ் வரிசையில் அப்பா இருந்தாரே, அவர் குரல் எங்கே? தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். தலை ஈரத்தோடு வகுப்புக்குப் போகாதே.

அன்புடன்
அக்கா விமலாராணி


தாராபுரம்
28-1-1996

பிரியமுள்ள அக்காவுக்கு,

குட்டியின் மூச்சு சரியாயிற்றா? இங்கே பிள்ளைகள் எல்லோரையும் அவளுக்காக ஜெபிக்கச் சொன்னேன். ஒருத்தி, “டீச்சர், பூனை மாதிரின்னா எந்தப் பூனை?” என்று கேட்கிறாள்.

நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று தெரியும். சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்குச் சுருதி சேராது, அக்கா. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பாடகர் குழு முழுக்கத் தெரியும். மற்ற மூன்று பேஸும் கீழே இறங்கும்போது அவர் மட்டும் பாதியில் நின்று சுற்றிப் பார்ப்பார். கோவிலில் அது தெரியாது, மைக்கில் தெரியும். முதல் ஒத்திகையைக் கேட்டபோது பாட்டு முழுவதும் அவர்தான். அவரை நீக்கவும் முடியவில்லை, வைத்துக்கொள் என்று யாரும் சொல்லவும் இல்லை. எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

அவரை ஆயர் அங்கி மாற்றுகிற வெஸ்ட்ரி அறைக் கதவுப் பக்கம், கடைசி ஜமக்காளத்துக்கு அந்தண்டை நிற்கவைத்தேன். “எதுக்கு கண்ணு அத்தனை தூரம்?” என்றார். “உங்களது ரொம்பக் கனமான குரலுங்கப்பா. கிட்ட நின்னா மைக் தாங்காது” என்றேன். அப்படியே முகம் மலர்ந்துவிட்டது. அங்கே நின்று, கண்ணை மூடி, முழு நெஞ்சோடு பாடினார். ஒரு சொட்டுக்கூட மைக்குக்கு வரவில்லை.

இப்போது ஊரெல்லாம் சொல்கிறாராம், “என்ற குரலை மைக்கு தாங்காதுங்களாம்” என்று. அம்மா எழுதியிருந்தாள். படித்துவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தக் கேசட்டைத்தான் அனுப்பியிருக்கிறேன். அவரைக் கிட்ட நிறுத்தியிருந்தால் அனுப்பியிருக்க முடியாது.

மாமாவுக்கு என் வணக்கம் சொல்.

ஜெனி


பெரியநாயக்கன்பாளையம்
19-2-1996

அன்புத் தங்கச்சிக்கு,

பாப்பா தேறிவிட்டாள், குப்புற விழுந்து நீந்துகிறாள். நான்தான் சரியில்லை. மூன்று வாரமாக உனக்கு எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது.

யாரும் கோள் சொல்லவில்லை. பக்கத்து லேத்துப் பட்டறை சுந்தரராஜுலு மாமாவைத் தெரியுமல்லவா, அப்பாவோடு தினம் பதினோரு மணிக்கு டீ குடிக்கிறவர். கிறிஸ்தவப் பாட்டு அவருக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் நண்பன் பாடினதாயிற்றே என்று கேசட்டை வீட்டுக்குக் கொண்டுபோய் முழுசாகக் கேட்டிருக்கிறார். திருப்பிக் கொடுக்கும்போது, “ஏனுங்க தங்கராஜு, நீங்க பாடுனது எந்தப் பக்கத்துல இருக்குது? ரெண்டு பக்கமும் கேட்டுப்போட்டேன், ஆம்புடலையே?” என்று பாவம், அக்கறையாகத்தான் கேட்டிருக்கிறார்.

அப்பா சிரித்து மழுப்பிவிட்டு, அன்றைக்குப் பட்டறையைச் சாத்திக்கொண்டு டேப் ரிக்கார்டரில் காதை வைத்தபடி உட்கார்ந்திருந்தாராம். சாப்பிடக் கூப்பிட்டதற்கு வரவில்லை என்று அம்மா சொன்னாள். அடுத்த ஞாயிறு நாங்கள் கணபதிக்குப் போயிருந்தோம். கோவிலில் பாடகர் வரிசைக்குப் போகாமல் கடைசி பெஞ்சில், சுவரோரமாக நின்றார். புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தார், உதடு அசையவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என்னிடம் மட்டும் கேட்டார். “அவ வேணும்னே செஞ்சாளா அம்மணி?”

“எனக்குத் தெரியாதுங்கப்பா” என்றேன்.

உன் கடிதம் என் கைப்பையில்தான் இருந்தது.

அம்மாவுக்கு ஒரு வரி போடு. அப்பாவுக்கு என்ன எழுதுவது என்று எனக்கே தெரியவில்லை, உனக்கு என்ன சொல்ல?

அக்கா


தாராபுரம்
22-2-1996

அக்கா,

சுகமாயிருக்கிறேன். அப்பாவுக்கு நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். “மன்னியுங்கள்” என்று எழுதினால் எதற்கு என்று எழுத வேண்டும். எதற்கு என்று எழுதினால், உங்களுக்குப் பாட வராது என்று எழுத வேண்டும். பெற்ற அப்பாவுக்கு அதை எந்த மகள் எழுதுவாள்?

பாதகத்தி என்று அவர் ஒரு தடவை திட்டிவிட்டால் தேவலை.

மெட்ராஸிலிருந்து மார்ச் முதல் வாரம் பதில் வரும் என்று போட்டிருந்தது. வந்தால் உடனே அனுப்பு.

குட்டி நீந்துகிறாள் என்று படித்தேன். அதுதான் இந்த வாரத்தில் நல்ல சேதி.

ஜெனி


தாராபுரம்
13-3-1996

அக்காவுக்கு,

கார்டு எழுதுகிறேன், இன்லேண்ட் தீர்ந்துவிட்டது. யாவரும் நலம்தானே? பதிலே இல்லை. மெட்ராஸிலிருந்து ஏதாவது வந்ததா? ஒரே வரி போதும்.

ஜெனி


பெரியநாயக்கன்பாளையம்
17-3-1996

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கார்டு கிடைத்தது. நாங்கள் நலம். பாப்பாவுக்குக் கீழே இரண்டு பல் வந்துவிட்டது, அதைக் காட்டத்தான் சிரிக்கிறாளோ என்று தோன்றும்படி சிரிக்கிறாள். இங்கே இப்போதே வெயில் கொளுத்துகிறது. சாந்தாமணி அக்கா மாங்காய் ஊறுகாய் போட்டுக் கொடுத்தது, உனக்கு ஒரு பாட்டில் எடுத்து வைத்திருக்கிறேன்.

அப்பா பி.எட். ஃபாரம் வாங்கி வைத்திருக்கிறாராம். நல்ல வேலை ஜெனி அது. மதியம் மூன்றரைக்கு மணி அடித்தால் வீடு. நாளைக்கு உனக்கும் குழந்தை குட்டி என்று ஆனால் அதன் அருமை தெரியும். மெட்ராஸில் பெண்கள் ஹாஸ்டலில் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசை என்று பேப்பரில் போட்டிருந்தான். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறார்கள். உன் உடம்பு தாங்காது.

கோவிலில் குருத்தோலை ஞாயிறுக்கு ஒத்திகை நடக்கிறது. அப்பா போகவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


தாராபுரம்
21-3-1996

அக்கா,

நலம், நலமறிய ஆவல், எல்லாம் சரி. நான் கேட்ட ஒரு வரிக்கு நீ ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய், அந்த ஒரு வரி மட்டும் இல்லை.

இன்றைக்கு மதியம் பஸ் ஸ்டாண்ட் எஸ்.டி.டி. பூத்திலிருந்து மெட்ராஸுக்கு நானே பேசிவிட்டேன். மார்ச் நான்காம் தேதியே அழைப்புக் கார்டு அனுப்பியாயிற்றாம். ஏப்ரல் பதினேழு நேர்முகத் தேர்வு. அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட்டுக் கூடவும் வர வேண்டுமாம்.

வந்ததா, வரவில்லையா?

ஜெனிதா


பெரியநாயக்கன்பாளையம்
26-3-1996

ஜெனிக்கு,

வந்தது. ஏழாம் தேதியே வந்தது. பாப்பாவின் தடுப்பூசி அட்டைக்குள் வைத்திருந்தேன், ஏனென்றால் அதை நான் தொலைக்கமாட்டேன். உன் மாமா தினமும் காலையில் ஷிப்டுக்குக் கிளம்பும்போது, “அனுப்பிட்டியா விமலா?” என்பார். “இன்னிக்குங்க” என்பேன். பத்தொன்பது நாள் இன்னிக்கு, இன்னிக்கு என்றே போய்விட்டது.

பயம் என்று எழுதினால் நீ நம்பிவிடுவாய். பயம்தான், ஆனால் அது மட்டும் இல்லை. எம்.எஸ்ஸி.க்கு அப்பா என்னை அனுப்பவில்லை என்று ஐந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன் அல்லவா? அப்பாவிடம் நான் கேட்கவே இல்லை ஜெனி. சீட் வந்த கடிதத்தை யாருக்கும் காட்டாமல் கிழித்துப் போட்டேன். மாட்டேன் என்று சொல்லிவிடுவாரோ என்று இல்லை. சரி போ என்று சொல்லிவிட்டால் போய்ப் படிக்க வேண்டுமே, அந்தப் பயம். அப்புறம் அப்பாவைக் காட்டிச் சொல்வது சுலபமாக இருந்தது. உனக்கு வந்த அழைப்பைப் பார்த்ததும் எனக்கு உன் மேல் என்ன வந்தது என்பதை எழுத வரவில்லை. விட்டுவிடு.

உன் கடிதம் நேற்று வந்தது. உடனே பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிக் கணபதி போனேன். பட்டறையில் அப்பா ஒரு பம்புசெட் மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தார். கார்டை நீட்டினேன். கையைத் துடைத்துவிட்டு இரண்டு தடவை படித்தார்.

“கேசட்டைக் கேட்டுத்தான் கூப்பிடறாங்களா?”

“ஆமாங்கப்பா.”

“நான் இல்லாத கேசட்டை.”

பாப்பா அந்தக் கார்டுக்குக் கை நீட்டினாள், விலக்கிப் பிடித்தேன்.

“நானும் சேந்து பாடியிருந்தா கூப்பிட்டிருக்க மாட்டாங்களா அம்மணி?”

அன்றைக்கு மாதிரி எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறியிருக்கலாம். “மாட்டாங்கப்பா” என்றேன். “ஜெனி வேணும்னேதான் உங்களைத் தள்ளி நிக்க வெச்சா. எனக்கு ஜனவரியிலயே தெரியும்.”

பாப்பா மட்டும் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். அப்பா மறுபடி குனிந்து போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தார். கையெழுத்துப் போடவில்லை. நான் கிளம்பும்போது தலை தூக்காமல், “அவளை வரச் சொல்லு. மூஞ்சிக்கு நேரா சொல்லட்டும்” என்றார்.

கார்டு இதற்குள் இருக்கிறது. என்னை வைதுவிட்டு, இந்த சனிக்கிழமை போ.

விமலா


தாராபுரம்
1-4-1996

என் அக்காவுக்கு,

உன்னை வையலாம் என்றுதான் பஸ் ஏறினேன். பாதி வழி வருவதற்குள் மறந்துபோயிற்று. கார்டை எடுத்துக்கொண்டு போய் நின்றது நீதானே.

சனிக்கிழமை மத்தியானம் வீட்டில் அப்பா இல்லை. “பட்டறைல இருக்கறாரு, போ” என்று அம்மா கண்ணைக் காட்டினாள். போனால், ஆள்களை அனுப்பிவிட்டு அவர் மட்டும் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார். எதிரே டேப் ரிக்கார்டர், ஒரு புதுக் கேசட், பாலுசாமி அண்ணனுடைய மைக். அவரே போய் வாங்கி வந்திருக்கிறார்!

வாம்மா என்றுகூடச் சொல்லவில்லை. “எத்தனை தூரத்துல வெக்கோணும்?” என்றார்.

“ஒரு சாண் இருந்தாப் போதுங்கப்பா.”

“தாங்குமா?”

அக்கா, அந்த ஒரு வார்த்தைக்கு நான் செத்துப்போயிருக்கலாம். மைக்கை எடுத்து அவர் வாய்க்கு நேரே, ஒரு சாண் தூரத்தில் வைத்தேன். பேஸ் பாகத்தை முதலிலிருந்து கடைசி வரை பாடினார். எப்போதும் போலக் கண்ணை மூடி. பிறகு திருப்பிப் போட்டேன்.

அவர் தன் குரலைத் தனியாகக் கேட்டதே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. முதல் வரியில், “இது யாரு?” என்றார். “நீங்கதாங்கப்பா.” “மறுபடியும் போடு.” மூன்று தடவை போட்டேன். மூன்றாவது தடவை, அந்த இறங்குகிற இடத்தில் அவரே கையைத் தூக்கி, “இங்க, இங்கதானே?” என்றார்.

“ஆமாங்கப்பா.”

“இருவத்திரண்டு வருசம் இதையா பாடிட்டிருந்தேன்? ஒருத்தனும் சொல்லலையே?”

வாசலில் டீயோடு அம்மா நின்றிருந்தாள். “எனக்குத் தெரியும்” என்றாள்.

“தெரிஞ்சா சொல்றதுக்கென்ன?”

“சந்தோசமாப் பாடிட்டிருந்தீங்க. எதுக்குக் கெடுக்கோணும்னு இருந்துபோட்டேன்.”

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது சிரித்ததால் மட்டும் இல்லை.

அப்புறம் சொன்னார். “மைக்க நகத்துனது தப்பில்ல கண்ணு. மோட்டார் கத்துதுன்னா, நல்லாத்தானுங்க ஓடுதுன்னு சொல்லியா கஸ்டமருக்குக் குடுப்பேன்? கழட்டித்தான் வெக்கோணும். ஆனா மைக்கு தாங்காதுன்னு சொன்னே பாரு. அதை நான் நெசம்னு நெனச்சு ஊரெல்லாம் சொல்லிப்போட்டேன். அதுதான் ஆறலை.”

“தப்புங்கப்பா. இனி யார்கிட்டயும் அப்படிச் சொல்ல மாட்டேன்.”

“பேனா இருக்குதா?” என்றார்.

கையெழுத்துப் போட்டுவிட்டார், அக்கா. தங்கராஜ் என்று முழுசாக, கறை படிந்த கட்டைவிரல் அடையாளத்தோடு.

ஜெனி


பெரியநாயக்கன்பாளையம்
9-4-1996

அன்புத் தங்கச்சிக்கு,

ஈஸ்டர் வாழ்த்துக்கள். எல்லோரும் சுகம். உன் கடிதத்தை உன் மாமாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன், பாதியில் நானே அழுது அவர் வாங்கிப் படித்து முடித்தார்.

மெட்ராஸில் குழாய்த் தண்ணீர் குடிக்காதே. ரயிலில் ஜன்னல் கம்பியில் கை வைக்காதே. சர்டிபிகேட்டுகளை அப்பாவிடம் கொடுக்காதே, எண்ணெய்க் கை. கேட்கிற கேள்விக்குத் தெரிந்ததைச் சொல், தெரியாததைத் தெரியாது என்று சொல்.

பதினேழாம் தேதி முழுக்க நான் ஒன்றும் சாப்பிடப் போவதில்லை. உபவாசம் என்று சொல்லிக்கொள்வேன், உண்மையில் இறங்காது.

அக்கா


மெட்ராஸ் சென்ட்ரல்
17-4-1996, சாயங்காலம்

அக்கா! அக்கா!

நாங்கள் சுகம், நீ முதலில் ஏதாவது சாப்பிடு. ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, அப்பா வாழைப்பழம் வாங்கப் போயிருக்கிறார். நான் விடிகாலை திருப்பூரில் இறங்கி நேரே தாராபுரம் போக வேண்டும், பரீட்சை டியூட்டி. அதனால் இங்கேயே எழுதித் தபாலில் போடுகிறேன்.

உள்ளே மூன்று பேர். நடுவில் உட்கார்ந்திருந்தது ஒரு அம்மா. நம் கேசட்டைப் போட்டார்கள். எத்தனை மைக் என்றார்கள், இரண்டு என்றேன். எதிரொலியை எப்படி அடக்கினாய் என்றதற்கு ஒன்பது ஜமக்காளம் என்றேன், அந்த அம்மா அதை எழுதிக்கொண்டார். ஓரத்தில் ஒருவர் ஹெட்போன் மாட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தவர், “பேஸ் எத்தனை பேர்?” என்றார்.

“நாலு பேர் சார்.”

“எனக்கு மூணு பேர்தான் கேட்குது. நாலாவது ஆளை என்ன பண்ணினே?”

உள்ளதைச் சொல்லிவிட்டேன். “அவருக்குச் சுருதி சேராது சார். கதவுப் பக்கம் தள்ளி நிற்கவைத்தேன்.”

“அவர் ஒத்துக்கிட்டாரா?”

“குரல் கனமா இருக்கு, மைக் தாங்காதுன்னு பொய் சொன்னேன் சார். தள்ளி வைத்தது சரி. பொய் சொன்னது தப்பு. அவரிடம் ஒத்துக்கொண்டுவிட்டேன்.”

“யாரு அவர்?”

“வெளியே பெஞ்சில் இருக்கிறார் சார். எங்கப்பா.”

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பாவைக் கூப்பிட்டார்கள். வெள்ளைச் சட்டை, கையில் குடை, நெற்றியெல்லாம் வேர்வை. அந்த அம்மா, “நீங்கதான் நாலாவது பேஸா?” என்று கேட்டார்.

“இருந்தேனுங்க” என்றார் அப்பா.

“பொண்ணு மேல கோவம் இல்லையா?”

“இருந்துதுங்க. ரெண்டு மாசம் கோயில்ல வாயே தொறக்கலீங்க.”

“இந்தத் தொழில்ல பெரிய பெரிய பாடகர்கள் வருவாங்க. சின்னப் பொண்ணு, அவங்ககிட்ட இன்னொரு தடவை பாடுங்கன்னு சொல்லத் தைரியம் வேணும். இது சொல்லுமா?”

அப்பா குடையை அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்கு மாற்றினார். “ஏனுங்கம்மா, இது பெத்த அப்பனையே கதவுக்கிட்டத் தள்ளி நிக்க வெச்சுப்போட்டுதுங்க. அதுக்கு மேல எத்தனை பெரிய ஆள் வந்துருவாங்க?”

ஹெட்போன் போட்டவர் அதைக் கழற்றிவைத்துவிட்டுச் சிரித்தார், அக்கா. மேஜையே அதிர்ந்தது.

நான்கு மணிக்குப் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். பன்னிரண்டு பேர். ஏழாவது, டி. ஜெனிதா, கோயமுத்தூர். அப்பா என் பேரின் மேல் விரலை வைத்தவர் எடுக்கவே இல்லை. பின்னால் நின்ற பையன், “சார், கொஞ்சம் நகருங்க, நாங்களும் பாக்கணும்” என்றான். “இருங்க தம்பி, என்ற புள்ள பேரு, இன்னொருக்காப் படிச்சுக்கறேன்” என்றார்.

பழத்தோடு வருகிறார். நிறுத்துகிறேன்.

உன்
ஜெனி


பெரியநாயக்கன்பாளையம்
20-4-1996

என் தங்கமே,

இப்போதுதான் உன் கடிதம் வந்தது. தபால்காரர் தெரு முனை திரும்புவதற்குள் எழுத உட்கார்ந்துவிட்டேன். பாப்பா என் மடியில் பேனாவைப் பிடுங்குகிறாள், கோணல் எழுத்துக்கு அவள் பொறுப்பு. நாங்கள் எல்லோரும் சுகம். இந்த வாக்கியத்தை இத்தனை நிம்மதியாக நான் எழுதினதே இல்லை.

நேற்றே எனக்குச் சேதி தெரியும். கணபதி போயிருந்தேன். பட்டறை வாசலில் அப்பா நின்று சுந்தரராஜுலு மாமாவுக்கு மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொல்கிற கதையில் தேர்வு அறைக்குள் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள், உன் கடிதத்தில் மூன்று பேர்தான். மே மாதத்துக்குள் பத்தாகிவிடும். சுந்தரராஜுலு மாமா, “அப்ப நீங்க பாடாம இருந்ததுனாலதான் புள்ளைக்கு சீட்டுங்களா? அது பெரிய ஒத்தாசையாச்சுங்களே!” என்றார். அப்பா அவர் முதுகில் ஒரு அறை வைத்தார், டீ கொட்டிவிட்டது.

ஆயர் அவரைப் பாடகர் குழுவுக்குத் திரும்பக் கூப்பிட்டாராம். “வேண்டாமுங்கய்யா. சனத்தோட நின்னே பாடிக்கறேன், அங்க மைக்கு இல்லீங்க, எத்தனை சத்தமா வேணும்னாலும் பாடலாம்” என்று சொல்லிவிட்டார். பாடவும் செய்கிறாராம். அம்மா ஒரு பெஞ்ச் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அப்பாவிடம் என் எம்.எஸ்ஸி. கதையைச் சொல்லிவிட்டேன். “அஞ்சு வருசமா எம்பேர்லயா பில்லு போட்டுட்டிருந்தே?” என்றார். அவ்வளவுதான். தபாலில் எம்.எஸ்ஸி. படிக்க ஃபாரம் எங்கே கிடைக்கும் என்று உன் மாமா விசாரிக்கிறார். நான் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஜூலை முதல் தேதி வகுப்பு என்று அப்பா சொன்னார். உன்னைக் கொண்டுபோய் விட, “நான் வாரேன்” என்று அவர் இப்போதே குடையைத் துடைத்து வைத்திருக்கிறார். நான் விடவில்லை. “நீங்க ஒருக்காப் போயிட்டு வந்துட்டீங்கல்ல? இந்தத் தடவை நான் போறேனுங்கப்பா” என்றேன். கைக்குழந்தையோடு, இந்த வெயிலில், மெட்ராஸுக்கு, நீயா என்று அம்மா வாயைப் பிளந்தாள்.

நானேதான். சாந்தாமணி அக்காவைக்கூடத் துணைக்குக் கூப்பிடவில்லை. இன்றைக்குக் காலையில் ஸ்டேஷனுக்குப் போய் வரிசையில் நின்று உனக்கும் எனக்கும் டிக்கெட் எடுத்துவிட்டேன். ஜெமிமாவுக்கு வேண்டாமாம், அவள் என் மடியில் வருவாள்.

உன் அக்கா
விமலா